ஏழு நிமிடம் தாமதமாக வந்த கற்கள்

என் அத்தை எந்த அறைக்குள் நுழைவதாக இருந்தாலும் வாசலில் ஒரு கணம் நிற்பார். கண்ணை மூடுவார். திறப்பார். பிறகுதான் கால் உள்ளே போகும். சின்ன வயதில் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்தேன். கொஞ்சம் வளர்ந்ததும், பாவம், தலைசுற்றல் போலிருக்கிறது என்று நினைத்தேன். கல்லூரிக்காக அவர் வீட்டில் தங்க வந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கண்ணைத் திறந்ததும் அத்தை கேட்பார்:

"இந்த நாற்காலிய யாரு நகர்த்தினது?"

நகர்ந்தது இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். அவருடைய சீப்பை எடுத்துத் தலைவாரிவிட்டு அதே இடத்தில் வைத்தால்கூட மாட்டிக்கொள்வேன்.

"அது எப்படித்தான் தெரியுது உங்களுக்கு?"

"போகும்போது ஒரு படம், வரும்போது ஒரு படம். ரெண்டையும் மனசுல மாத்தி மாத்திப் போட்டா எது துள்ளுதோ அது நகர்ந்திருக்கு. இதுக்குப் போயி வாயப் பொளக்குறியே!"

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அத்தை மூன்று சிறுகோள்களைக் கண்டுபிடித்திருக்கிறார். சொன்னால் பலர் நான் கதை விடுவதாக நினைக்கிறார்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கான பாறைகளில் மூன்றை, மனிதர்களிலேயே முதல் ஆளாகப் பார்த்தது லாண்டரியில் வேலை செய்யும் என் அத்தை. மூன்றில் முதல் ஒன்று கிடைத்த கதையைத்தான் எழுத வந்தேன். அந்த வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது.

அத்தை வேலை பார்ப்பது ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துத் தரும் பெரிய லாண்டரியில். மெஷின்கள் ஒரு பக்கம் உறுமும். நீராவியில் எல்லோர் முகமும் எப்போதும் இப்போதுதான் கழுவியது போல இருக்கும். கடைசியில் ஒரு கண்ணாடி மேஜை, அடியில் டியூப் லைட்டுகள். இஸ்திரி முடிந்த விரிப்பை இரண்டு பெண்கள் அதன்மேல் இழுத்துக்கொண்டே போக, அத்தை பார்த்துக்கொண்டே நிற்பார். ஊசிமுனை அளவு கறை இருந்தாலும் கை நீளும், விரிப்பு மறுபடி வெளுக்கிற கூடைக்குப் போகும். அங்கே அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். ஒருமுறை ஒரே விரிப்பை மூன்று தடவை திருப்பி அனுப்பி, கடைசியில் கறை இருந்தது விரிப்பில் இல்லை, மேஜைக் கண்ணாடியில் என்று தெரிந்து, லாண்டரியே ஒரு வாரம் அவரை ஓட்டித் தள்ளியது.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போனார். அங்கே வானியல் சங்கத்துக்காரர்கள் ஒரு மேஜை போட்டு மடிக்கணினி வைத்திருந்தார்கள். திரையில் வெள்ளை வெளேரென்ற பரப்பில் கறுப்புப் புள்ளிகள். நட்சத்திரப் படத்தை அப்படித் தலைகீழ் நிறத்தில் போட்டால் மங்கலானவையும் எடுப்பாகத் தெரியுமாம்.

"இது எங்க விரிப்பு மாதிரியே இருக்கே!" என்றார் அத்தை.

மேஜையில் இருந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அரை மணிக்கொன்றாக எடுத்த நான்கு படங்களை மாற்றி மாற்றி ஓடவிட்டு, "நட்சத்திரமெல்லாம் அப்படியே நிக்கும். ஒண்ணே ஒண்ணு மட்டும் நகரும். அதுதான் சிறுகோள். எங்கேன்னு தேடுங்க பார்ப்போம்" என்றார்.

"இது" என்று விரல் வைத்தார் அத்தை. பிறகு, "இதுவும்."

"முதல்ல சொன்னது சரி. ரெண்டாவது கேமராவோட கோளாறுப் புள்ளிம்மா. நட்சத்திரம் ஒரே இடத்துல நிக்கணும்னு நாலு படத்தையும் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தித்தான் பொருத்தியிருக்கோம், அதனால அது நகர்ற மாதிரி தெரியுது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அத்தை புலம்பினார். மறுபடியும் மேஜைக் கறை! அடுத்த ஞாயிறு, கோளாறுப் புள்ளிக்கும் கல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கவே போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். இரண்டு வருஷம் கழித்து கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுப் பக்கத்தில் உயரமான கட்டிடம் எழும்பி, அவர் வானத்தில் பாதியை மறைத்துவிட்டது. அவருடைய தொலைநோக்கி எங்கள் மொட்டைமாடிக்குக் குடிவந்தது. தகரக்கூரையைச் சக்கரத்தில் தள்ளித் திறக்கிற மாதிரி ஒரு சின்ன மரக் கொட்டகை. சாயங்காலம் கூரையைத் தள்ளி, கணினியில் இன்ன இடம் இன்ன இடம் என்று கொடுத்துவிட்டால், மோட்டாரும் கேமராவும் தாமாகவே இரவெல்லாம் படம் எடுக்கும். அத்தை நன்றாகத் தூங்குவார். வானியல் அவருக்குப் பகல் வேலை. காலையில் லாண்டரிக்குப் போகுமுன் கொஞ்சம், வந்தபின் கொஞ்சம், படங்களை ஓடவிட்டுத் துள்ளுவதைத் தேடுவார்.

துள்ளுவது நிறையக் கிடைத்தது. ஒவ்வொன்றின் இடத்தையும் நேரத்தையும் அளந்து உலகப் பதிவு மையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து, இது இன்ன எண்ணுள்ள பழைய கல் என்று பதில் வரும். வருஷக்கணக்காக இதே கதை.

"என்ன, இன்னிக்கும் ஊரார் வீட்டுக் கல்லுதானா?" என்பார் மாமா.

மாமா பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது புறப்பட வேண்டும் என்று விசில் ஊதுவது அவர் வேலை. வேலை வீட்டுக்குள்ளும் வரும். எங்கள் வீட்டில் எல்லாக் கடிகாரமும் கொஞ்சம் முந்தி ஓடும். கூடம், சமையலறை, படுக்கைப் பக்கத்து அலாரம், அத்தையின் கைக்கடிகாரம், என் போன் எதையும் அவர் விட்டதில்லை. எவ்வளவு முந்தி என்று மட்டும் சொல்ல மாட்டார்.

"சொன்னா கழிச்சுடுவீங்க மருமகளே. கழிச்சுட்டா அப்புறம் எதுக்கு முந்தி வெக்கிறது? பயம் இருக்கணும்ல!"

நாங்களும் கேட்பதை விட்டுவிட்டோம், நாளடைவில் அவை முந்தி ஓடுகின்றன என்பதையே மறந்தும்போனோம். அந்த வீட்டிலிருந்து யாரும் எதற்கும் தாமதமாகப் போனதில்லை என்பதும் உண்மை.

மாடியில் இருந்த பழைய கணினி மழையில் நனைந்து செத்துப்போனதால், அத்தை புதுசு ஒன்று வாங்கினார். மாடிக்கு ஏற்றும்வரை அது இரண்டு மூன்று நாள் கூடத்தில் இருந்தது. ஏற்றிய முதல் வாரத்திலேயே அது நடந்தது.

விடுமுறை நாள் காலை. மாடியிலிருந்து அலறல் கேட்டது. பல்லி விழுந்துவிட்டது என்றுதான் ஓடினேன். மாமா பாதி முகத்தில் சவர நுரையோடு பின்னால் வந்தார்.

"கல்லு! பாரு, பாரு! இங்க, இந்த ரெண்டு நட்சத்திரத்துக்கு நடுவுல!"

எனக்கு வெள்ளைப் பரப்பு தெரிந்தது. அத்தையின் நகம் தெரிந்தது. பத்துப் பதினைந்து முறை ஓடவிட்டபின், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படியான ஒரு சாம்பல் புள்ளி, மூன்று எட்டு வைத்து ஒரே நேர்க்கோட்டில் நகர்ந்தது.

"கோளாறுப் புள்ளியா இருக்கப் போவுது" என்றார் மாமா.

"வாயக் கழுவுங்க. எல்லாம் பார்த்துட்டேன். தெரிஞ்ச கல்லுங்க அத்தனையையும் படத்து மேல போட்டுப் பார்த்துட்டேன். இந்த இடத்துல எதுவும் இல்ல. இது யாரோடதும் இல்லீங்க!"

நுரையோடு மாமா அத்தையின் தலையில் கை வைத்தார். அத்தை அதைத் துடைக்கக்கூட இல்லை.

ஆனால் ஒருநாள் பார்த்தது கணக்கில் சேராது. அதே கல்லை இன்னொரு நாளும் பார்க்க வேண்டும். இரண்டாம் நாள் அளவை யார் அனுப்பினாலும் சரி, அது முதலில் யாருடைய முதல் நாள் அளவோடு சேர்கிறதோ அவருக்குத்தான் கண்டுபிடிப்பு. சில நாட்களுக்குள் பார்க்காவிட்டால் அது எங்கே போனது என்று சொல்லவே முடியாமல் தொலைந்துபோகும். அல்லது எங்கோ மலையுச்சியில் தானாகவே வானத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கும் ராட்சதத் தொலைநோக்கி ஒன்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். அத்தை அளவுகளை அனுப்பினார். சாயங்காலம் கூரையைத் தள்ளித் திறந்தார். மேலே மேகம். மறுநாளும் மேகம். நகரத்து விளக்கெல்லாம் அதில் பட்டு, வானம் துவைக்காத திரைச்சீலை மாதிரி தொங்கியது.

மேகத்தைவிட மோசமாக ஒன்று மையத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்தை நான்தான் வாசித்துச் சொல்வேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதால் வந்த வேலை. உங்கள் அளவுகள் எவையும் பொருந்தவில்லை, தெரிந்த சிறுகோள்களின் இடங்களே தவறாக உள்ளன, கருவிகளைச் சரிபார்க்கும்வரை ஏற்பதற்கில்லை என்று எழுதியிருந்தார்கள்.

அத்தை உட்கார்ந்துவிட்டார். "எல்லாமேவா?"

"எல்லாமேதான் அத்தை."

லென்ஸை, கேமராவை, மோட்டாரை எல்லாம் கழற்றி மாட்டினார். கண்ணாடிக்கடைக்காரரும் வந்து பார்த்தார். ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாளும் மேகம். அன்று, உலகெங்கும் உள்ள பொழுதுபோக்கு வானியலாளர்கள் பேசிக்கொள்ளும் மின்னஞ்சல் குழுவில் அளவுகளைப் போட்டு, யாருக்காவது என்ன தவறென்று புரிகிறதா என்று கேட்டோம்.

மறுநாள் மதியம் பதில் வந்தது; சாப்பாட்டு நேரத்தில் லாண்டரிக்கே போய், என் போனிலிருந்து அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். பதில் போட்டவர் பூமியின் தென்பாதியில் இருக்கும் ஒரு பல் டாக்டர். பகலில் பல் பிடுங்குகிறவர், அவர் வீட்டுத் தோட்டத்திலும் ஒரு தொலைநோக்கி. அவர் எழுதியது இது:

'உங்கள் படங்களில் உள்ள பழைய சிறுகோள்களை எல்லாம் சோதித்தேன். எல்லாமே இருக்க வேண்டிய இடத்துக்குப் பின்னால் நிற்கின்றன. வேகமாகப் போவது அதிகம் பின்தங்கியிருக்கிறது, மெதுவாகப் போவது கொஞ்சம். ஆனால் தூரத்தை நேரமாக மாற்றினால் எல்லாம் ஒரே அளவு. ஏழு நிமிடம். ஒன்று, வானத்தில் இருக்கும் சிறுகோள்கள் அத்தனையும் ஒரே நாளில் ஏழு நிமிடம் தாமதமாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓட வேண்டும். இரண்டாவதை முதலில் பாருங்கள்.'

அத்தை பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். அரைநாள் லீவு சொல்லிவிட்டு இருவரும் வீட்டுக்கு ஓடினோம். மாடிக் கணினியின் நேரத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக இருந்தது. கீழே இறங்கிக் கூடத்துக் கடிகாரம், சமையலறைக் கடிகாரம், அலாரம். அத்தனையும் ஒரே நேரத்தைக் காட்டின. என் போனும் அதையே காட்டியது.

"பார்த்தியா! பல்லு டாக்டருக்குத்தான் கணக்குப் பிசகிப்போச்சு. எழுதுடி. எங்க வீட்டுல அஞ்சு கடிகாரம் இருக்கு, அஞ்சும் கணினியோட ஒத்துப்போவுதுன்னு எழுது. கொஞ்சம் காரமாவே எழுது."

காரமாகவே எழுதினேன். அனுப்பியும் விட்டேன்.

மாமா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அத்தை பொங்கிக்கொண்டிருந்தார். "கடிகாரம் தப்பாம்! புதுக் கணினி எங்கேயாவது நேரத்தத் தப்பாக் காட்டுமா?"

"காட்டுச்சே" என்றார் மாமா.

"என்னது?"

"கூடத்துல இருந்தப்போ பார்த்தேன். நம்ம வீட்டு நேரத்துக்கு ஏழு நிமிஷம் ஸ்லோவா இருந்துச்சு. அது தானா நேரத்த மாத்திக்கிறத நிறுத்திட்டு, நான்தான் சரி பண்ணி வெச்சேன். ஏன், யாரும் கவனிக்கலையா?" அவர் முகத்தில் பாராட்டை எதிர்பார்க்கும் புன்னகை.

அத்தை தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்தார். பிறகு நான்தான் முதலில் சிரித்தேன் என்று நினைக்கிறேன். எங்களுக்கு வருஷக்கணக்காகச் சொல்லாமல் மாமா காப்பாற்றிய ரகசியத்தை, பூமியின் மறுபுறம் இருக்கும் ஒரு பல் டாக்டர் சிறுகோள்களைப் பார்த்து ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார்!

அத்தை சிரிக்கவில்லை. "ஏங்க, நீங்க பஸ்ஸுக்கு விசில் ஊதுங்க, வேணாங்கல. வானத்துக்கும் எதுக்குங்க ஊதுனீங்க?"

"எனக்கு என்ன தெரியும்? லேட்டா ஆயிடக் கூடாதேன்னு..."

"கல்லு லேட்டா வந்தா எனக்கென்ன, சம்பளம் பிடிப்பாங்களா?"

அதற்குமேல் அவராலும் முடியவில்லை. சமையலறை வாசலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மாமாதான் பாவம், செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு நின்றார்.

சரியான நேரத்தை இணையத்தில் வைத்து ஒப்பிட்டோம். வித்தியாசம் ஏழு நிமிடமும் சில விநாடிகளும். "அந்த விநாடி நான் வெச்சது இல்ல" என்று மாமா சத்தியம் செய்தார். அத்தை ஒவ்வொரு அளவின் நேரத்தையும் திருத்த உட்கார்ந்தார். நான் பல் டாக்டருக்கு மன்னிப்பும் காரணமும் எழுதினேன். டைம் கீப்பர் என்பதற்கு விளக்கம் எழுதவே ஒரு பத்தி ஆனது.

அவர் பதில் உடனே வந்தது. முதல் வரியில், இவ்வளவு சிரித்து வெகுநாளாயிற்று என்று இருந்தது. இரண்டாவது வரியை வாசித்தபோது என் குரல் ஏறிவிட்டது.

'நேற்று இங்கே வானம் தெளிவாக இருந்தது. உங்கள் அளவில் ஏழு நிமிடத்தைக் கழித்துப் பார்த்தேன். கல் அங்கேயே இருக்கிறது. படம் எடுத்துவிட்டேன்.'

"இருக்காமா?" அத்தை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நிஜமாவே இருக்கா? இன்னொருவாட்டி படி!"

படித்தேன். மாமாவும் ஒருமுறை படிக்கச் சொன்னார். பிறகுதான் எனக்கு உறைத்தது. அத்தையின் அளவுகள் மையத்தில் தள்ளுபடியானவை. இந்த நிமிஷம் உலகத்தில் அந்தக் கல்லைப் பற்றிச் செல்லுபடியாகும் அளவு பல் டாக்டருடையது மட்டும்தான். இன்னொரு இரவு பார்த்து அவர் அனுப்பினால் கல் அவருடையது. யாரும் குறை சொல்ல முடியாது.

மின்னஞ்சலின் கடைசி வரி: 'நான் இன்னும் எதையும் அனுப்பவில்லை. நீங்கள் திருத்தியதை அனுப்புங்கள். மையம் ஏற்றுக்கொண்டது என்று சொன்ன பிறகு என்னுடையதை உங்களுடையதோடு சேர்க்கச் சொல்லி அனுப்புகிறேன். சீக்கிரம். பெரிய தொலைநோக்கிகள் தூங்குவதில்லை.'

அனுப்பினோம். காத்திருந்தோம். மையத்தில் வாரக் கடைசி. இரண்டு நாள் பதில் இல்லை. அத்தை லாண்டரியில் கறை படிந்த விரிப்பைக்கூடத் தப்பவிட்டதாகக் கேள்வி. அந்த இரண்டு நாளும் பல் டாக்டர் ஒரு புதிய கல்லின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். இரண்டாவது இரவும் அவருக்கு வானம் தெளிவாகத்தான் இருந்தது, பின்னால் சொன்னார். கூரையைத் திறக்கவில்லையாம். திறந்தால் ஆசை வந்துவிடுமாம். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நல்ல பதிலாக ஒன்றைச் சொல்லிவிட ஆசைதான். ஆனால் நிச்சயமாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை மையம் ஏற்றுக்கொண்டது. அன்றே பல் டாக்டருடையதும் போய்ச் சேர்ந்தது. புதன்கிழமை தற்காலிகப் பெயர் வந்தது. கொஞ்சம் எண், கொஞ்சம் எழுத்து, பக்கத்தில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அத்தையின் பெயர். மாமா அதை உரக்கப் படித்துவிட்டு, "இது எந்த ரூட்டு வண்டி?" என்றார். அத்தை அவரைக் கட்டிக்கொண்டார், என் முன்னாலேயே.

லாண்டரியில் அன்று வேலையே நடக்கவில்லை.

"அக்கா, அங்க தண்ணி இருக்குமா?" என்றாள் விரிப்பு இழுக்கும் பெண் ஒருத்தி.

"எதுக்கு?"

"கிளை ஆரம்பிச்சா துணி வெளுக்கணுமே!"

கண்டுபிடிப்பு என்ற சொல்லை நான் அப்போது நிறைய யோசித்தேன். மனிதர் பிறப்பதற்கு முன்பிருந்தே சுற்றிக்கொண்டிருக்கும் ஒன்றை நாம் கண்டுபிடித்தோம் என்று எப்படிச் சொல்வது? அத்தையிடம் கேட்டேன். "கறை இருந்துச்சு, யாரும் பார்க்கல. நான் பார்த்தேன். அவ்வளவுதான்" என்றார். எனக்கு அது முழுசாகத் திருப்தி தரவில்லை. ஆனால் அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தோடு வாதாடவும் முடியவில்லை.

சில வருஷங்கள் பலர் தொடர்ந்து பார்த்து, பாதை உறுதியானதும், கல்லுக்கு நிரந்தர எண் கிடைத்தது. பெயர் சூட்டும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. அத்தைக்கு யோசிக்க ஒன்றுமே இல்லை. பல் டாக்டர் பெயரை வைக்கப் போகிறேன் என்று எழுதச் சொன்னார்.

அவர் மறுத்துவிட்டார். 'பெயரை வைத்துக் கணக்கை முடித்துவிடப் பார்க்காதீர்கள். என்னிடமும் ஒரு கல் இருந்தது. பல வருஷம் முன்பு இரண்டே இரவு பார்த்தேன், பிறகு மழை. தொலைந்துபோனது. அது மறுபடி பிரகாசமாக வரும் பருவங்களில் வடக்கே போய்விடுகிறது. இங்கிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுக் கூரைக்குப் பின்னால். உங்கள் மொட்டைமாடிக்கு நேர் மேலே வரும். அதைத் தேடித் தாருங்கள். பெயரை அப்புறம் பேசுவோம்.'

"தேடித் தரேன்னு எழுது" என்றார் அத்தை. "இந்தப் பருவத்துலயே தரேன்னு எழுது."

அந்தப் பருவத்தில் கிடைக்கவில்லை. இரண்டு இரவின் அளவை வைத்து அது எங்கே இருக்கும் என்று கணக்கிட்டால், வானத்தில் நீளமாக ஒரு பட்டை வருகிறது. அதற்குள் எங்கும் இருக்கலாம். அத்தை பட்டையை விரிப்பு மாதிரி அங்குலம் அங்குலமாக இழுத்துப் பார்த்தார். பல் டாக்டருடையது கிடைக்கவில்லை, ஆனால் வேறு புதியது ஒன்று கிடைத்தது! அத்தையின் இரண்டாவது கல். அடுத்த முறை தேடியபோது மூன்றாவது. இரண்டு முறையும் அத்தை குதித்தார், பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அவருக்கு என்னன்னுடி எழுதுறது? உங்களோடதத் தேடப் போனேன், எனக்கு ஒண்ணு கிடைச்சுதுன்னா? அசிங்கமா இல்ல?"

எழுதினோம். அவர் இரண்டு முறையும் வாழ்த்துதான் அனுப்பினார். அவசரமில்லை, அது சூரியனை விட்டு எங்கும் போய்விடாது என்று எழுதியிருந்தார்.

அத்தையின் முதல் கல் இன்னும் வெறும் எண்ணோடுதான் சுற்றுகிறது. பல் டாக்டர் பெயரைத் தவிர வேறு பெயர் வைக்க அத்தை சம்மதிப்பதில்லை. இப்போது மறுபடி பல் டாக்டரின் கல் வரும் பருவம். நேற்று இரவு மேகம் இல்லை. காலையிலிருந்து அத்தை திரையின் முன்னால்.

"அத்தை, லாண்டரிக்கு நேரமாச்சு."

"இரு, இரு. கீழ் மூலை இன்னும் பார்க்கல."